கணக்கீட்டுப் பரீட்சைக்குத் தோட்டத்திலிருந்தே தயாராவது

ஹட்டன், நோர்வூட், தலவாக்கலை, நுவரெலியா என்று நம் பக்கத்துப் பாடசாலைகளில் வர்த்தகப் பிரிவில் உயர்தரம் முடித்து, பல்கலைக்கழக அனுமதி கிடைக்காமல் வீட்டில் இருக்கும் பிள்ளைகளை மனதில் வைத்து இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். தோட்ட ஆபீசிலோ டவுனில் ஒரு மொத்தக் கடையிலோ வருடக்கணக்காகக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தும் கையில் ஒரு சான்றிதழ் இல்லாதவர்களும் இதைப் படிக்க வேண்டும். அவர்களுக்கான பகுதி பின்னால் வருகிறது.

வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைப்பவருக்கு ஏ.ஏ.டி. நல்ல வழி. பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் ஆதரவோடு 1987இல் தொடங்கிய இலங்கைக் கணக்கீட்டுத் தொழில்நுட்பவியலாளர் கழகம் இதை நடத்துகிறது. மூன்று நிலைகள். ஜனவரியிலும் ஜூலையிலும் பரீட்சை. தமிழிலேயே எழுதலாம். முடித்தவர்களுக்குப் பட்டயக் கணக்காளர் படிப்பில் சில பாடங்களுக்கு விலக்கும் கிடைக்கும். அடுத்தது என்.வி.கியூ. என்று நாம் சொல்லும் தேசிய தொழில் தகைமை. அதற்கு ஏழு மட்டங்கள்: நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகங்களில் படிக்கும் கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமா ஆங்கில மொழிமூலம். வெளியூரில் தங்கிப் படிக்க வசதி உள்ளவர்கள் அதை யோசிக்கலாம். ஆசைப்பட்டு ஒரே வருடத்தில் இரண்டு மூன்றுக்குப் பணம் கட்டிப் பதியாதீர்கள். ஒன்றில் ஒரு நிலையை முடித்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

வீட்டில் இருக்கும் பாடநூல்

பாடப்புத்தகத்தில் வரும் வியாபாரி கொழும்பில் கடை வைத்திருப்பார், லொறி வாங்குவார், பங்குதாரர் சேர்ப்பார். அவரை மனக்கண்ணில் பார்க்க முடியாமல்தான் நம் பிள்ளைகள் பலர் கணக்கை மனப்பாடம் செய்கிறார்கள். மனப்பாடம் முதல் நிலைக்குப் போதும், இரண்டாம் நிலையில் கைவிட்டுவிடும். ஆனால் தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்குக் கணக்கு பழக்கமில்லாத விஷயமா? காலையில் பிரட்டுக்களத்தில் பேர் போடுவதில் தொடங்கி, கொழுந்து நிறுவை, அரைப்பேர், கைக்காசு, செக்ரோல், சம்பள நாள் என்று மாதம் முழுக்கக் கணக்கு நடக்கிறது. அதை எடுத்துப் பேரேட்டில் எழுதப் பழகிவிட்டால் பரீட்சையில் பாதி வேலை முடிந்தது.

அம்மாவின் சம்பளத் துண்டை எடுங்கள். 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த அடிப்படை நாள் சம்பளம் 1,350 ரூபாவை வைத்துப் பயிற்சிக்காக ஒரு மாதத்தைப் போட்டுப் பார்ப்போம். வேலை செய்தது 22 நாள். மொத்தச் சம்பளம் 29,700 ரூபா. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி தரவேண்டியது குறைந்தது 8 சதவீதம், அதாவது 2,376 ரூபா. தோட்டம் தரவேண்டியது 12 சதவீதம், 3,564 ரூபா. 1980இல் வந்த ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தோட்டம் மட்டுமே 3 சதவீதம் கட்டுகிறது, 891 ரூபா. தீபாவளி முற்பணத்தில் இந்த மாதத் தவணை 1,500, சங்கச் சந்தா 250 என்று வைத்துக்கொள்வோம். அம்மாவின் கைக்கு வருவது 25,574 ரூபா.

இப்போது இதைத் தோட்டத்தின் ஏடுகளில் எழுதுங்கள். தோட்டத்துக்கு இந்த ஒரு ஆளால் வந்த செலவினம் எவ்வளவு என்று கேட்டால், நிறையப் பேர் 29,700 என்றோ, 25,574 என்றோ எழுதிவிடுவார்கள். சரியான விடை 34,155. மொத்தச் சம்பளத்தோடு தோட்டம் தன் பங்காகக் கட்டும் 3,564உம் 891உம் சேரவேண்டும். அம்மாவிடமிருந்து கழித்த 2,376 ஏற்கெனவே 29,700க்குள் இருக்கிறது. அதை இன்னொரு முறை கூட்டக்கூடாது. வரவுப் பக்கம் 34,155 வந்தால் செலவுப் பக்கமும் அதே தொகை வரவேண்டும்: சென்மதிச் சம்பளம் 25,574, சேமலாப நிதிக்குச் சென்மதி 5,940, நம்பிக்கை நிதிக்குச் சென்மதி 891, சங்கத்துக்குச் சென்மதி 250, தீபாவளி முற்பணக் கணக்கு 1,500. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும்.

இந்த ஐந்து வரியில் முற்பணம் மட்டும் தனி ரகம். மற்ற நான்கும் தோட்டம் இனிமேல்தான் யாருக்கோ கட்டவேண்டிய தொகைகள். முற்பணத்தைத் தோட்டம் தீபாவளிக்கே கொடுத்துவிட்டது. கொடுத்த அன்று அது தோட்டத்துக்கு ஒரு சொத்து, தொழிலாளியிடமிருந்து வரவேண்டிய கடன். மாதா மாதம் கழிக்கக் கழிக்க அந்தச் சொத்து குறைகிறது. முற்பணத்தைச் செலவினமாகக் காட்டுவது முதல் நிலை விடைத்தாள்களில் சகஜமாக நடக்கும் வழு. தீபாவளி முற்பணத்தை வீட்டில் பார்த்து வளர்ந்த பிள்ளை அந்த வழுவை விடவேண்டியதில்லை.

உங்கள் வீட்டுத் துண்டில் வேறு கழிவுகள் இருந்தால், அல்லது வீதம் நான் சொன்னதைவிடக் கூடியிருந்தால், ஆபீசில் கேளுங்கள். "ஐயா, அம்மாவோட துண்டுல இந்தக் கழிவு என்னான்னு வெளங்கல, கொஞ்சம் சொல்லித் தாங்க" என்று கேட்டுப் போகும் பிள்ளையைப் பெரிய கிளாக்கர் எவரும் திருப்பி அனுப்பமாட்டார். கேட்பதால் அம்மாவுக்கும் நன்மைதான். தன் சம்பளத்தில் என்ன கழிகிறது என்பதைத் தெரிந்துகொள்வது அவருடைய உரிமை.

அடுத்த பாடநூல் உங்கள் லயத்து மரண உதவிச் சங்கம். இலாப நோக்கற்ற அமைப்புகளின் கணக்கு என்று ஒரு பகுதி படிப்பீர்கள். பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது அதில் சந்தா நிலுவையில்தான். சங்கத்தில் 60 குடும்பம், மாதச் சந்தா 200 ரூபா என்று வையுங்கள். வருடத்துக்கு 144,000 வரவேண்டும். காசேட்டில் இந்த வருடம் வாங்கியது 150,000. அதில் 12,000 போன வருட நிலுவை. 6,000 சில குடும்பங்கள் அடுத்த வருடத்துக்கு முன்கூட்டியே கட்டியது. அப்படியானால் இந்த வருடத்துக்காக வந்த காசு 132,000 மட்டுமே. இன்னும் 12,000 வரவேண்டியிருக்கிறது. பெறுவனவு கொடுப்பனவுக் கணக்கில் 150,000, வருமானச் செலவினக் கணக்கில் 144,000, நிதிநிலைமைக் கூற்றில் வருமதிச் சந்தா 12,000, முற்பணமாகப் பெற்ற சந்தா 6,000. ஒரே சந்தா நான்கு இடத்தில் ஏன் நான்கு விதமாக நிற்கிறது என்பதை ஒரு கூட்டத்தில் மாமாவுக்கோ பெரியப்பாவுக்கோ விளக்கிச் சொல்லிப் பாருங்கள். அவர்களுக்கு விளங்கும்படி சொல்ல முடிந்தால் பரீட்சையில் இந்த வினா உங்களுடையது. கோயில் திருவிழாக் கணக்கை எழுதித் தர முன்வருவதும் நல்ல பயிற்சி. ரசீது, வவுச்சர், சில்லறைக் காசேடு மூன்றும் அங்கே கைக்கு வரும்.

தொழிற்சாலை சொல்லித்தரும் கிரயம்

கிரயக் கணக்கீட்டில் செயன்முறைக் கிரயம் வந்ததும் பயந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன். வழமையான நட்டம், அசாதாரண நட்டம் என்பதெல்லாம் புத்தகத்தில் இரசாயனத் தொழிற்சாலையை வைத்துத்தான் வரும். நம் ஊர்த் தேயிலைத் தொழிற்சாலையில் வாட்டுவது முதல் உலர்த்துவது வரை நடப்பதும் அதேதான். பச்சைக் கொழுந்தில் பெரும்பகுதி தண்ணீர், அது போகத்தான் வேண்டும். ஒரு கிலோ தூளுக்கு நாலரைக் கிலோவுக்கு மேல் கொழுந்து போகும்.

எண்கள் பயிற்சிக்காக: 10,000 கிலோ கொழுந்து, கிலோ 150 ரூபா, மொத்தம் 1,500,000. தொழிற்சாலைச் செலவு 435,000. கூட்டினால் 1,935,000. எதிர்பார்க்கும் விளைவு 21.5 சதவீதம், அதாவது 2,150 கிலோ தூள். போகும் 7,850 கிலோ வழமையான நட்டம், அதற்கு விற்பனைப் பெறுமதி இல்லை. 1,935,000ஐ 2,150ஆல் பிரித்தால் கிலோவுக்கு 900 ரூபா. ஆனால் அன்று வாட்டும் தட்டில் கொழுந்து கருகிப்போய் 2,100 கிலோதான் கிடைத்தது. குறைந்த 50 கிலோ அசாதாரண நட்டம். அதை 900 ரூபாப்படி 45,000 என்று இலாப நட்டத்துக்கு எடுத்துச் செல்லவேண்டும். நல்ல தூளின் கிரயம் 1,890,000. இங்கே கவனிக்க: 1,935,000ஐ 2,100ஆல் பிரிக்கக்கூடாது. அப்படிப் பிரித்தால் கருகிய கொழுந்தின் நட்டத்தை நல்ல தூளின் தலையில் கட்டிவிடுகிறீர்கள். தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவரிடம் உங்கள் தோட்டத்தின் விளைவு சதவீதம் எவ்வளவு என்று கேட்டு, அந்த எண்ணை வைத்து இதே கணக்கைத் திரும்பச் செய்யுங்கள்.

மூன்றாம் நிலைக்கு வந்தவர்களுக்கு இன்னும் பெரிய வாய்ப்பு இருக்கிறது. 1992இல் தோட்டங்களைப் பொறுப்பெடுத்த பெருந்தோட்டக் கம்பனிகள் பலவும் கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டவை. அவற்றின் ஆண்டறிக்கை யாரும் இறக்கிப் படிக்கக்கூடியது. நீங்கள் குடியிருக்கும் தோட்டத்தை நடத்தும் கம்பனியின் அறிக்கையை எடுத்து, தேயிலைச் செடியை எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்று தேடுங்கள். 2016 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, வருடக்கணக்காக விளைச்சல் தரும் தேயிலைச் செடி கட்டடம், இயந்திரம் போல எல்.கே.ஏ.எஸ். 16இன் கீழ் வருகிறது. அதற்குப் பெறுமானத் தேய்வும் உண்டு. செடியில் நிற்கும் கொழுந்து மட்டும் எல்.கே.ஏ.எஸ். 41இன் கீழ் நியாயப் பெறுமதியில் நிற்கிறது. புதிதாக நட்ட மலையில் கொழுந்து எடுக்கும் பருவம் வரை ஆகும் செலவு மூலதனம். பருவத்துக்கு வந்த மலையில் உரம் போடுவதும் களை எடுப்பதும் அந்த வருடத்துச் செலவினம்.

அதே அறிக்கையில் பணிக்கொடைப் பொறுப்பு என்று ஒரு பெரிய தொகையைக் காண்பீர்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து வருடம் பூர்த்தியான நாட்சம்பளத் தொழிலாளிக்கு ஒவ்வொரு வருட சேவைக்கும் 14 நாள் சம்பளம். அந்தத் தொகைக்குள் உங்கள் அம்மாவின் பெயரும் இருக்கிறது. பாட்டி ஓய்வுபெற்றபோது வாங்கியது எப்படிக் கணக்கிட்டார்கள் என்று தெரிந்தால், ஊழியர் நலன்கள் பற்றிய நியமம் வெறும் எழுத்தாகத் தெரியாது.

மொழி பற்றி ஒரு எச்சரிக்கை

உயர்தரம் தமிழில் படித்தவர் முதல் நிலையைத் தமிழிலேயே எழுதுவது நல்லது. ஒரு வினாத்தாளில் பாதி தமிழ், பாதி ஆங்கிலம் என்று எழுத முடியாது. விண்ணப்பித்த மொழியிலேயே எல்லா விடையும் இருக்கவேண்டும். ஆனால் நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஒவ்வொரு பதத்துக்கும் ஆங்கிலச் சொல்லை எழுதி வாருங்கள். வங்கியிலும் கம்பனியிலும் நேர்முகத்தில் கேட்கப்போவது அதைத்தான்.

யூடியூபில் தமிழ்நாட்டு ஆசிரியர்களின் நல்ல வகுப்புகள் இருக்கின்றன, பாருங்கள். ஆனால் அவர்கள் பற்று என்று சொல்வதை நாம் வரவு என்கிறோம், அவர்கள் வரவு என்பதை நாம் செலவு என்கிறோம். அவர்களுடைய இருப்பாய்வு நமக்குப் பரீட்சை மீதி. இது தெரியாமல் அந்த வகுப்பைப் பார்த்துப் பதிவு எழுதிய பிள்ளை வினாத்தாளில் பக்கத்தையே மாற்றிப் போட்டுவிடும். வீடியோ பார்க்கும்போது குறிப்பை நம் பதங்களில் எழுதுங்கள், அவர்களுடைய பதத்தைக் கேட்டபடி அப்படியே எழுதாதீர்கள்.

கையால் எழுதிப் பழகுவது

ஏ.ஏ.டி. வினாத்தாளுக்கு எழுதும் நேரம் மூன்று மணித்தியாலம், புள்ளி 100. ஒரு புள்ளிக்கு 1.8 நிமிடம். பத்துப் புள்ளி வினாவுக்கு 18 நிமிடம். இந்த ஒரு கணக்கை மனதில் பதித்துக்கொண்டு, ஒவ்வொரு வினாவையும் தொடங்கும்போது ஓரத்தில் முடிக்கவேண்டிய நேரத்தை எழுதுங்கள். நேரம் முடிந்தால் கூட்டு ஒத்துவராவிட்டாலும் அடுத்ததற்குப் போங்கள். நிதிநிலைமைக் கூற்று இரண்டு பக்கமும் ஒத்துவரவில்லை என்று அரை மணித்தியாலம் தேடி, பதில் தெரிந்த கடைசி வினாவைத் தொடாமல் வந்த பிள்ளைகள் ஏராளம். ஒத்துவராத ஒரு தொகையால் போவது சில புள்ளிகள்தான். மற்ற வரிகளுக்குப் புள்ளி உண்டு.

அந்த வரிகளுக்குப் புள்ளி கிடைக்கவேண்டுமானால் செய்முறை கண்ணுக்குத் தெரியவேண்டும். வினாத்தாளின் அறிவுறுத்தலிலேயே எல்லாச் செய்முறைகளையும் சமர்ப்பிக்கும்படியும், எடுத்துக்கொண்ட அனுமானங்களைத் தெளிவாகக் கூறும்படியும் கேட்கிறார்கள். கல்குலேட்டரில் அடித்து விடையை மட்டும் எழுதினால், விடை பிழைத்தபோது திருத்துபவர் புள்ளி கொடுக்க ஆசைப்பட்டாலும் கொடுக்க இடமில்லை. பெறுமானத் தேய்வு 84,000 என்று மட்டும் எழுதாமல், எந்தக் கிரயம், எத்தனை மாதம், எந்த வீதம் என்று ஒரு வரி எழுதுங்கள். கல்குலேட்டர் நிரல் எழுத முடியாத சாதாரண வகையாக இருக்கவேண்டும். வீட்டில் பழகிய அதே கல்குலேட்டரையே கொண்டுபோங்கள்.

வினாத்தாளோடு வினைச்சொற்களின் பட்டியலும் வரும். பட்டியலிடு என்றால் ஒரு வரி, விளக்கு என்றால் காரணத்தோடு, கணக்கிடு என்றால் செய்முறையோடு. இதைக் கவனிக்காமல் இரண்டு புள்ளிக்கு ஒரு பக்கம் எழுதிவிட்டு, எட்டுப் புள்ளிக்கு இரண்டு வரி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். கடந்தகால வினாத்தாள்களை எடுத்து வினைச்சொல்லை மட்டும் வட்டமிடுங்கள். பிறகு புள்ளியைப் பாருங்கள். எவ்வளவு எழுதவேண்டும் என்பது அங்கேயே தெரியும்.

கடந்தகால வினாத்தாளைப் பார்த்துப் படிப்பதால் பயன் இல்லை. மூடி வைத்துவிட்டு, மணிக்கூட்டை முன்னால் வைத்து, முழுவதையும் கையால் எழுதவேண்டும். லயத்து வீட்டில் மூன்று மணித்தியாலம் தொடர்ந்து அமைதி கிடைப்பது கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். தோட்டத்துப் பாடசாலை அதிபரிடமோ கோயில் நிருவாகத்திடமோ ஞாயிற்றுக்கிழமை ஒரு அறையைக் கேளுங்கள். நாலு பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்து எழுதி, விடைத்தாளை மாற்றித் திருத்துங்கள். மற்றவருடைய விடைத்தாளைத் திருத்தும்போதுதான் திருத்துபவர் எதைத் தேடுகிறார் என்பது விளங்கும்.

வேலையில் இருப்பவர்களுக்கு

என்.வி.கியூ. மதிப்பீடு வேறு மாதிரி. அங்கே நூற்றுக்கு எத்தனை என்ற கேள்வி இல்லை. வேலையை நியமப்படி செய்ய முடிகிறதா, இன்னும் முடியவில்லையா என்று ஒவ்வொரு தேர்ச்சி அலகுக்கும் பார்ப்பார்கள். முன்னர் கற்றதை அங்கீகரிக்கும் முறை என்று ஒன்று இருக்கிறது. வகுப்புக்குப் போகாமல், வேலையில் கற்றதைக் காட்டித் தகைமை பெறலாம். தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்தில் இதைக் கேளுங்கள். ஆபீசில் எத்தனையோ வருடம் செக்ரோல் பார்த்தவர்கள் தாளில் வெறும் சாதாரண தரத்தோடு நிற்பது எனக்கு வருத்தமான விஷயம். இந்த வழி அவர்களுக்காகவே இருக்கிறது.

அங்கே தேவைப்படுவது சாட்சி. நீங்கள் எழுதிய வங்கிக் கணக்கிணக்கக் கூற்று, தயாரித்த சம்பளப் பட்டியல், சில்லறைக் காசேட்டின் ஒரு பக்கம், இவற்றின் பிரதிகளை நிருவாகத்தின் அனுமதியோடு, ஆட்களின் பெயரையும் இலக்கங்களையும் மறைத்து ஒரு கோப்பில் சேருங்கள். வேலை செய்த காலத்தைக் குறிப்பிட்டு ஒரு கடிதமும் வேண்டும். மதிப்பீட்டாளர் ஒரு வவுச்சரைக் கையில் தந்து, இதை ஏற்றுக்கொள்வீர்களா என்று கேட்டால், உடனே பதிவு எழுதத் தொடங்காதீர்கள். திகதி, கையொப்பம், அங்கீகாரம், இணைந்த பில் எல்லாம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பார்ப்பதை வாயால் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்.

பரீட்சைக்கு முன்

பதிவதற்கு அடையாள அட்டை வேண்டும். நம் ஆட்களின் பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, பாடசாலைப் பதிவில் வேறு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து என்று பெயர் மாறி இருப்பது சாதாரணம். தகப்பன் பெயரை முன்னால் போட்டது, பின்னால் போட்டது என்று சிக்கல் வரும். சான்றிதழில் வரும் பெயர்தான் நாளைக்கு வேலைக்குப் போகும்போதும் நிற்கும். பரீட்சைக்குப் பல மாதம் முன்பே கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் இதைச் சரி செய்துகொள்ளுங்கள். விண்ணப்பத்தின் கடைசி நாளில் இதற்காக ஓடக்கூடாது.

ஜூலைப் பரீட்சை தென்மேல் பருவமழையின் நடுவில் வருகிறது. மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவைப் பாதைகளில் மரம் விழும், மண் சரியும், கரண்ட் போகும். ஜனவரிப் பரீட்சை தைப்பொங்கலை ஒட்டியும் சிவனொளிபாதமலைப் பருவத்துக்குள்ளும் வருகிறது. அந்த மாதங்களில் ஹட்டன் ரயிலிலும் மஸ்கெலியா பஸ்ஸிலும் இடம் கிடைக்காது. அனுமதி அட்டையில் மத்திய நிலையம் எங்கே என்று பார்த்து, வெளியூராக இருந்தால் முதல் நாளே போய்ச் சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள். பெண் பிள்ளைகள் இரண்டு பேராகப் போவதை இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். வீட்டில் அப்பா அம்மாவுக்கும் அது ஆறுதல்.

அனுமதி அட்டை, அடையாள அட்டை, இரண்டு பேனை, அடிமட்டம், கல்குலேட்டர் எல்லாவற்றையும் பொலித்தீன் உறையில் போட்டுக்கொள்ளுங்கள், மழையில் நனையும். மண்டபத்தில் வாசிப்பதற்குத் தரும் நேரத்தில் எழுத அவசரப்படாமல், எந்த வினாவை முதலில் எடுப்பது என்று முடிவு செய்யுங்கள். மேலதிகத் தாள் வாங்கினால் ஒவ்வொன்றிலும் சுட்டெண்ணை எழுதி, வினா இலக்க வரிசையில் கட்டிக் கொடுங்கள்.